அலுமாரிக்குள்ள இருந்த ரொபோவும் நெல்லுத் தின்ன வந்த மாடும்

மாதத்தில ரெண்டு பேராவது கேப்பினம், கனடாவில இருந்தோ லண்டனில இருந்தோ, "தம்பி, எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ரொபோட்டிக்ஸ் கிட் ஒண்டு வாங்கிக் குடுக்கப்போறம், எது நல்லது?" எண்டு. வொய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு, அதால ஒருக்கா வடிவா இருந்து எழுதிவிடுவம் எண்டு நினைச்சன். இது எந்த கிட் திறம் எண்டு சொல்லுற பட்டியல் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஏ9 றோட்டில இருந்து உள்ளுக்குப் போற ஒரு பள்ளிக்கூடத்தில 2023 ஐப்பசி தொடங்கி 2024 பங்குனி மட்டும் சனிக்கிழமையளில என்ன செய்தம், எது பிழைச்சது, ஏன் பிழைச்சது எண்ட கதை. பள்ளிக்கூடத்தின்ர பேர் வேண்டாம், பிள்ளையளின்ர பேரும் வேண்டாம்.

நான் வாத்தியில்லை. ரவுணில போனும் லப்டொப்பும் திருத்திறதுதான் என்ர தொழில். அந்தப் பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் ரெண்டைத் திருத்தப் போன இடத்தில ஐசிடி (கொம்பியூட்டர்ப் பாடம்) ரீச்சர் பிடிச்சுக்கொண்டா. "சனிக்கிழமை வந்து பிள்ளையளுக்கு உதுகளைக் காட்டிவிடுங்கோவன்" எண்டு கேட்டா, நானும் ஒரு மாதம்தானே எண்டு ஓமெண்டிட்டன். அது ஆறு மாதமாப் போச்சு.

முதல் நாள் அவ அலுமாரியைத் திறந்து காட்டினா. உள்ளுக்கு மூண்டு பெட்டி, வெளிநாட்டு ரொபோ கிட், ஆரோ நல்ல மனசோட குடுத்தது, ரெண்டு பெட்டி பொலித்தீன்கூடக் கிழிக்கேல்ல. மற்றது ஒருக்கா மட்டும் திறந்திருக்கு, குடுத்த ஆக்கள் வந்து படம் எடுத்த அண்டைக்கு. ஏன் ரீச்சர் பாவிக்கேல்ல எண்டு கேக்க அவ சிரிச்சா. "இது இன்வென்ரறிப் புத்தகத்தில ஏறின சாமான். வருசக் கடைசியில கணக்கெடுக்க வருவினம். ஒரு சில்லு துலைஞ்சாலும் நான்தான் கடிதம் எழுதவேணும். அதைவிட அலுமாரிக்குள்ள கிடக்கட்டும்."

அவவில பிழை சொல்ல எனக்கு வாய் வரேல்ல. அந்த கிட்டில ஒரு மோட்டர் எரிஞ்சா அதே மோட்டர்தான் போடலாம், வேற ஒண்டும் அந்தச் சொக்கெற்றுக்குள்ள போகாது, அந்த மோட்டர் இலங்கையில ஒரு கடையிலயும் இல்லை. ரப்லெற்றில போடுற அப் இன்ரநெற் இல்லாமல் திறக்கவும் மாட்டுதாம். எந்தக் கொம்பனி எண்டதை விடுங்கோ, எந்தக் கொம்பனிக்கும் இது நடக்கலாம். 1998ல வந்து உலகம் முழுக்கப் பிள்ளையள் படிச்ச லெகோ மைண்ட்ஸ்ரோர்ம்ஸ் எண்ட ரொபோ கிட்டையே 2022ஓட நிப்பாட்டிப்போட்டாங்கள். அலுமாரியில கிடந்தது அது இல்லை, ஆனா விசயம் ஒண்டுதான். செய்யிறவன் நிப்பாட்டினா பாவிக்கிறவன் கையைப் பிசையவேண்டியதுதான்.

ரீச்சர் சொன்ன "ஒரு சில்லு துலைஞ்சாலும்" எண்ட கதையைத்தான் மோட்டர்சைக்கிள்ல வரேக்க முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தன். திருத்துற கடையில வேலை பழக வாற பொடியனுக்கு நாங்கள் முதல் நாள் நல்ல போனைக் குடுக்கிறேல்ல, செத்த போன் பத்தைக் குடுத்து கழட்டு, உடை, பூட்டு எண்டு விடுவம். உடைக்கப் பயப்பிடுறவன் கை நடுங்கியே எல்லாத்தையும் உடைப்பான். அப்ப இந்தப் பிள்ளையளுக்கும் உடைஞ்சா ஆரும் கடிதம் எழுதத் தேவையில்லாத சாமான்தான் வேணும்.

அடுத்த சனிக்கிழமை நான் கொண்டுபோனது ஒரு பை எல்ஈடி, ஒரு பை ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கிற சாமான்), ஆறு 9 வோல்ட் பற்றரி, அடி வெட்டின சோடாப் போத்தல் கொஞ்சம். ஆறு தொடக்கம் ஒன்பதாம் ஆண்டு மட்டும் 18 பிள்ளையள் வந்திருந்தவை. முதல் வேலையா எல்லாரையும் ஆளுக்கொரு எல்ஈடி எரிக்கச் சொன்னன், வெளிச்சம் வாற எரிப்பு இல்லை, கருக்கிற எரிப்பு. போத்தலால மூடிப்போட்டு 9 வோல்ட்டை நேர குடுத்தா ஒரு கணம் நல்ல வெள்ளையாப் பத்தி, டிக் எண்டு ஒரு சத்தம், பிறகு ஒரு நாத்தம், அவ்வளவுதான். பிள்ளையளுக்குச் சிரிப்புத் தாங்கேல்ல. ஒரு பெட்டை மட்டும் கையை ஒளிச்சுக்கொண்டு நிண்டாள், "சேர், இது காசெல்லோ" எண்டாள். ஒரு ரொபியின்ர காசுதான் அம்மா எண்டு சொன்னாப் பிறகுதான் வந்தவள். இதுக்குப் பிறகு 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்டை இடையில போட்டுக் காட்ட, எரியாமல் அமைதியா நிண்டு பத்திச்சுது. ஓமின் விதியை நான் சொல்லவேயில்லை, ஒன்பதாம் ஆண்டுப் பொடியன் ஒருத்தன் தானாச் சொன்னவன், "சேர், அது தடையி, புத்தகத்தில இருக்கு" எண்டு.

இதில ஒரு பகிடி சொல்லவேணும். விஞ்ஞானப் புத்தகத்தில எல்ஈடிக்கு ஒளிகாலும் இருவாயி எண்டு பேர். புத்தகத்தில அதைப் பாடமாக்கின பிள்ளைக்கு கையில இருக்கிறதுதான் அது எண்டு தெரியாது, வீட்டில கலியாணத்துக்குக் கட்டுற லைற்றும் அதுதான் எண்டு தெரியாது. நான் கடைப் பேரையும் புத்தகப் பேரையும் சேத்து சேத்துத்தான் சொல்லுவன். சோதினைக்கு அது வேணும், கடைக்குப் போனா இது வேணும்.

கொம்பியூட்டர் லாப்பில ஓடுற நிலையில இருந்தது ஏழு மெஷின், எல்லாம் வின்டோஸ் 7. புது ஸ்க்ராட்ச் 3 அதுகளில ஏறாது, அதுக்கு வின்டோஸ் 10 வேணும். ஸ்க்ராட்ச் தெரியாத ஆக்களுக்கு, எம்ஐடி மீடியா லாப்பில மிச்சல் ரெஸ்னிக்கின்ர குழு 2007ல வெளிய விட்டது, எழுதாமல் கட்டையளைக் கொழுவிக் கொழுவிப் புரோகிராம் செய்யலாம். ஆனா பழைய ஸ்க்ராட்ச் 1.4 இப்பவும் எடுக்கலாம், பென்ட்ரைவில கொண்டுபோய்ப் போட்டா பழைய மெஷினில பிச்சுக்கொண்டு ஓடும், இன்ரநெற்றும் தேவையில்லை. "புதுசைப் போடுங்கோ அண்ணை" எண்டு சொல்லுறவைக்கு நான் சொல்லுறது, இருக்கிற மெஷினுக்கு எது ஏறுமோ அதுதான் புதுசு.

ஐப்பசி கார்த்திகை எண்டா தெரியும்தானே, மழை தொடங்கினா கரண்டும் போயிடும். தகரக் கூரையில மழை பெய்யேக்க நான் கத்துறது எனக்கே கேக்காது. அப்பிடி நாலு சனிக்கிழமை கொம்பியூட்டரே இல்லாமல் போச்சு, பாத்தா அதுதான் நல்ல நாலு சனிக்கிழமை. நியூசிலாந்தில கன்ரபரி பல்கலைக்கழகத்து ரிம் பெல் ஆக்கள் கொம்பியூட்டர் இல்லாமல் கொம்பியூட்டர் விஞ்ஞானம் படிப்பிக்க கனக்க விளையாட்டு செய்து வச்சிருக்கினம், இனாமா எடுக்கலாம். அதில ஒண்டு ஆறு பேர் நடந்து நடந்து வரிசையாகிற வலைப்பின்னல். நிலத்தில கோடு கீறவேணும், ரெண்டு பேர் ஒரு வட்டத்தில சந்திச்சுக் கையில இருக்கிற இலக்கத்தை ஒப்பிட்டு, சின்னது இடப்பக்கம் பெரிசு வலப்பக்கம் எண்டு பிரிஞ்சு போகவேணும், கடைசியில எல்லாரும் ஒழுங்கா நிப்பினம். மழை விட்ட நேரம் முத்தத்து மணலில தடியால கீறினம். முதல் தரம் சரியா வந்ததுக்குப் பிள்ளையள் நம்பேல்ல, ஏதோ அதிஸ்டம் எண்டினம். இலக்கத்தை மாத்தி மாத்தி ஒரு பத்துத் தரம் நடந்தவை. பிறகு ஒருத்தன் வேணுமெண்டு ஒரு வட்டத்தில பிழையாத் திரும்பினான், கடைசி வரிசை குழம்பிப் போச்சு, எல்லாரும் அவனைத் திரத்தினவை. புரோகிராமில பக், அதாவது பிழை, எண்டா என்ன எண்டு நான் அதுக்குப் பிறகு சொல்லத் தேவைப்படேல்ல.

இன்னொரு நாள் ஒருத்தனின்ர கண்ணைக் கட்டிப்போட்டு மற்றவை சொல்லுறபடி குழாய்க்கிணத்தடிக்குக் கொண்டுபோகவேணும் எண்டு விளையாடினம். "அஞ்சு அடி முன்னுக்கு" எண்டா இவன்ர அடி வேற அவள்ற அடி வேற, பொடியன் போய் வேம்பில முட்டிக்கொண்டு நிண்டான். அடி எண்டா எவ்வளவு எண்டு முதல்ல முடிவெடுக்கவேணும் எண்டு அவையளே சண்டை பிடிச்சு, ஒரு செருப்பு நீளம் எண்டு வச்சவை. 1967ல சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன், வோலி ஃபோர்சைக் ஆக்கள் பிள்ளையளுக்கெண்டு லோகோ எண்ட புரோகிராமிங் மொழியைச் செய்து, பிறகு அதால ஆமை எண்டு பேர் வச்ச ரொபோ ஒண்டை நடக்கவிட்டதும் இந்த யோசினையிலதான், பிள்ளை தன்ர உடம்பால நடந்து பாத்தாக் கணக்கு விளங்கும் எண்டு. எங்களுக்கு ஆமைக்குப் பதிலா கண் கட்டின பொடியன்.

மார்கழியில போர்டுகள் வந்துது. ஆர்டுவினோ ஊனோ, கொம்பியூட்டரில எழுதின புரோகிராமை ஏத்தி லைற், மோட்டர் எல்லாம் ஆட்டுற சின்னப் போர்டு, ஆறு. ஒறிஜினல் இல்லை, கொப்பி. கள்ளச் சாமானோ எண்டு அதிபர் கேட்டவர். இல்லை சேர், 2005ல இத்தாலியில இவ்ரேயா எண்ட ஊரில மாசிமோ பான்சி ஆக்கள் அதைச் செய்யேக்க வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து விட்டிட்டினம், பேரைத்தான் பாவிக்கக்கூடாது, அதைப் பாத்து ஆரும் செய்யலாம், அதாலதான் மலிவு எண்டு விளங்கப்படுத்தினன். வாங்கேக்க ஒண்டு கவனிச்சன், இதைத்தான் எல்லாருக்கும் சொல்லுறது: சிப் சின்னனா ஒட்டி வாறதை வாங்காதேங்கோ, பூரான் மாதிரி நீட்டா சொக்கெற்றில குத்தி வாறதை வாங்குங்கோ. பிள்ளை எரிச்சா அந்தச் சிப்பை மட்டும் நெம்பி எடுத்து வேற ஒண்டைக் குத்தலாம், ஆனா பூட்லோடர் (யூஎஸ்பியால எங்கட புரோகிராமை உள்ளுக்கு எடுக்கிற சின்னப் புரோகிராம்) ஏத்தின சிப்பா வாங்கவேணும், வெறும் சிப் வாங்கி நான் ஒரு இரவு மினக்கெட்டது எனக்குத்தான் தெரியும். ஆறு மாதத்தில எரிஞ்சது ரெண்டு சிப். ரெண்டையும் எரிச்சவையே கழட்டிப் பூட்டினவை.

கொப்பிப் போர்டில யூஎஸ்பிக்கு சீஎச் 340 எண்ட சிப் இருக்கும், பழைய வின்டோஸில ட்ரைவர் (அந்தச் சிப்போட கதைக்கிற சொஃப்ட்வெயார்) போடாட்டி கொம்பியூட்டருக்குப் போர்டே தெரியாது. முதல் நாள் அரைவாசி நேரம் அதுக்குள்ள போச்சு. பிறகு ஒருத்தன் கொண்டுவந்த ஆர்டுவினோ நானோ எண்ட சின்னப் போர்டில "நொட் இன் சிங்க்" எண்டு சிவப்பில வந்து வந்து நிண்டுது, வயர் மாத்தி மெஷின் மாத்தி ஒண்டும் சரிவரேல்ல, கடைசியில மெனுவில ஓல்ட் பூட்லோடர் எண்டதைத் தெரிய ஏறிட்டு. இதுகளைத் தனியா ஒரு ரீச்சர் 18 பிள்ளையளை வச்சுக்கொண்டு எப்பிடிச் சமாளிக்கிறது? கிட் குடுக்கிற ஆக்கள் இதை யோசிக்கிறேல்ல. பெட்டியோட ஒரு மனுசனையும் குடுக்கவேணும், மாதம் ஒருக்காவது வந்து "இது ட்ரைவர் பிரச்சினை" எண்டு சொல்ல.

ஸ்க்ராட்ச் 1.4 மாதிரியே இருக்கிற எஸ்4ஏ எண்டு ஒண்டு இருக்கு, ஸ்பெயினில செய்தது, கட்டையளைக் கொழுவி ஆர்டுவினோவை ஆட்டலாம். பழைய மெஷினில நல்லா ஓடும், ஆனா வயர் எப்பவும் கொம்பியூட்டரில இருக்கவேணும், கழட்டினாச் சரி, செத்துப்போம். லைற் பத்த வைக்க, நூக்க, சேவோவை (சொன்ன பாகைக்குத் திரும்புற மோட்டர்) ஆட்ட எல்லாம் திறம். ஓடுற காருக்குச் சரிவராது. அதால தையோட எழுத்தில கோட் எழுதத் தொடங்கினம்.

அப்ப நடந்தது எனக்கு மறக்காது. எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒராள், தூரம் அளக்கிற கோட்டில மாறியின்ர (இலக்கத்தைப் போட்டு வைக்கிற இடம்) பேரைத் தமிழிலேயே தூரம் எண்டு ரைப் பண்ணியிருக்கிறாள், யூனிகோட்டில. கொம்பைல் பண்ண, அதாவது கோட்டைச் சிப்புக்கு விளங்கிற மாதிரி மாத்த, ஒரு முழம் நீளத்துக்கு எரர், "ஸ்ட்ரே 340", "ஸ்ட்ரே 256" எண்டு. அவள் என்னைப் பாத்து, "சேர், 340 எண்டு நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லையே" எண்டாள். எனக்கும் உடன விளங்கேல்ல. வீட்டை போய் யோசிக்கத்தான் பிடிபட்டுது: தமிழ் எழுத்து ஒவ்வொண்டும் உள்ளுக்கு மூண்டு பைட், முதல் பைட் எப்பவும் ஒண்டுதான், அதை எட்டின் அடியில (0 தொடக்கம் 7 மட்டும் இலக்கத்தால) எழுதினா 340. ஆர்டுவினோவோட வாற பழைய கொம்பைலர் பேருக்கு ஆங்கில எழுத்தைத்தான் எடுக்கும். அடுத்த கிழமை லப்டொப்பில பைதன் 3 எண்ட வேற புரோகிராமிங் மொழியைத் திறந்து, அதே தூரம் எண்ட பேரைத் தமிழில போட்டு ஓட விட்டன், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிச்சுது. அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்கவேணும். "அப்ப பிழை என்னில இல்லை" எண்டாள். முத்து அண்ணாமலை எண்டவர் எழில் எண்டு முழுக்கத் தமிழிலேயே எழுதுற புரோகிராமிங் மொழி ஒண்டு செய்து வச்சிருக்கிறார் எண்டதையும் சொன்னன். ஆனா ஆர்டுவினோவுக்கு ஆங்கில எழுத்திலதான் தூரம் எண்டு எழுதினவை, கொமென்ற் எல்லாம் தமிழில. "இந்த வரியைத் தொடாதே, தொட்டா மாடு வரும்" எண்டு ஒரு கொமென்ற் இப்பவும் இருக்கு. மாட்டுக்கு வாறன் பொறுங்கோ.

கார் செய்த கதையைச் சுருக்கமாச் சொல்லிவிடுறன், எல்லா இடத்திலயும் இதே கதைதான். மஞ்சள் மோட்டர் ரெண்டு, மோட்டருக்குக் கரண்டைத் திறந்து விடுற எல்298 ட்ரைவர் போர்டு, அடிக்குப் பழைய பாட்டாச் செருப்பு. கட்டி முடிச்சு ஓன் பண்ண மோட்டர் ஊம் எண்டு முனகுது, அசையேல்ல. கோட்டில பிழை எண்டு ஒரு மணித்தியாலம் கோட்டைத் தோண்டினவை. வோல்ட் அளக்கிற மல்ரிமீற்றரை வைக்கத்தான் தெரிஞ்சுது, சார்ஜ் பண்ணுற பற்றரி நாலு எண்டா 4.8 வோல்ட், எல்298 தான் ஒரு 2 வோல்ட்டை விழுங்கிப்போட்டு மிச்சத்தைத்தான் மோட்டருக்குக் குடுக்கும். ஆறு பற்றரி போட ஓடிச்சுது. அண்டையில இருந்து எந்தப் பிரச்சினைக்கும் முதல்ல மீற்றரைத் தூக்கினவை. உண்மையாச் சொல்லுறன், ஆறு மாதத்தில வாங்கின சாமானில காசுக்குப் பிரயோசனமானது அந்த மல்ரிமீற்றர்தான். ரொபோவைவிட.

மைக்ரோபிட் எண்ட சின்னப் போர்டைப் பற்றியும் கேப்பினம். தெரிஞ்ச ஒருத்தரிட்ட ரெண்டு வாங்கி ஒரு மாதம் வச்சிருந்தம். 2016ல பிபிசி பிரித்தானியாவில ஏழாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு ஒரு மில்லியன் மட்டில இனாமாக் குடுத்தது. ட்ரைவர் இல்லை, ஒண்டும் இல்லை, குத்தினா பென்ட்ரைவ் மாதிரி வரும், ஃபைலை இழுத்துப் போட்டாச் சரி. 25 சின்ன லைற், ரெண்டு பட்டன், ஆட்டினாத் தெரியும், 2020ல வந்த ரெண்டாம் பதிப்பில மைக்கும் ஸ்பீக்கரும்கூட. ஆறாம் ஆண்டுக்கு அதைவிடத் திறமானது இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா அது 3 வோல்ட் சாமான், எங்கட கடையளில கிடைக்கிற சென்சர் கனக்க 5 வோல்ட். எரிஞ்சா சிப் மாத்தேலாது. மற்றவரின்ர சாமான் எண்டபடியா நானே பிள்ளையளுக்குப் பக்கத்தில நிண்டு "பாத்து, பாத்து" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன், அலுமாரி ரீச்சர் மாதிரி.

இதுக்குள்ள 18 பேர் 11 ஆகிட்டினம். சனிக்கிழமை ரியூசன். ஒரு தகப்பன் வந்து நேர கேட்டார், "தம்பி, உது சோதினைக்கு வருமோ?" எண்டு. ஓஎல் ஐசிடிக்குப் பஸ்கல் எண்ட புரோகிராமிங் மொழி, ஏஎல்லுக்குப் பைதன், ரெண்டிலயும் பாய்ச்சற் கோட்டுப்படம் கீறவேணும், அதுதான் ஐயா இது எண்டு சொல்லிப் பாத்தன். அவர் தலையாட்டினவர், பிள்ளை வரேல்ல. அவரில கோவமில்லை, அவருக்கு மூண்டு பிள்ளை, ஒரு சைக்கிள்.

மிஞ்சின 11 பேரில ஆறு பெட்டையள். முதல் மாதம் பாத்தா எப்பவும் பொடியள் வயர் பிடிப்பாங்கள், பெட்டையள் கொப்பியில எழுதுவினம். ஆரும் சொல்லி இல்லை, தானா அப்பிடிப் போகுது. நான் ஒரு மணிக்கூடு வச்சு பத்து நிமிசத்துக்கொருக்கா மவுசும் வயரும் கொப்பியும் கை மாறவேணும் எண்டு சட்டம் போட்டன். பொடியளுக்கு எரிச்சல். ஆனா அதுக்குப் பிறகு சோல்டர் பண்ணுறதில ஆர் விண்ணி எண்டு கேட்டா ஒரு பெட்டைதான், என்ர கடையில வேலைக்கு எடுக்கலாம்.

இனி மாடு.

மாசி பங்குனி காலபோக வெட்டு முடிய றோட்டுக்கரை முழுக்க நெல்லுக் காயும், படங்கு விரிச்சு, இல்லாட்டி தாரிலேயே. கட்டாக்காலி மாடு வந்து வாய் வச்சிட்டுப் போகும். எங்கட கிளப்பில ஒரு பொடியனின்ர அம்மம்மாதான் வீட்டு நெல்லுக்குக் காவல், குடையோட கதிரையில இருப்பா. அவன் கேட்டான், "சேர், அம்மம்மாவுக்குப் பதிலா ஆர்டுவினோவை இருத்தேலாதோ?" கிட்டோட வாற புத்தகத்தில இருக்கிற எந்தப் புரொஜெக்ட்டைவிடவும் இது நல்ல கேள்வி, எல்லாரும் அதுக்குள்ள இறங்கினம்.

முதல்ல பிஐஆர் சென்சர், ஆள் நடமாடினா லைற் பத்துமே, அது. வகுப்பில வச்சுப் பாக்க அருமை, கதவால ஆர் வந்தாலும் பசர் (சத்தம் போடுற சின்னச் சாமான்) கத்தும். அதிபர் வந்தாலும் கத்தும். றோட்டுக்கரையில பின்னேரம் வச்சம், வேலை செய்துது. அடுத்த நாள் மத்தியானம் மாடு சென்சருக்கு முன்னாலேயே நிண்டு ஆறுதலாச் சாப்பிடுது, பசர் வாயே திறக்கேல்ல. பிறகு மாடு போனாப் பிறகு காத்துக்குப் படங்கு அடிக்க, அதுக்குக் கத்துது. அம்மம்மா விழுந்து விழுந்து சிரிச்சவ. வந்து யோசிச்சம். பிஐஆர் பாக்கிறது அசைவை இல்லை, சூட்டு வித்தியாசத்தை. குளிரான சுவருக்கு முன்னால சூடான உடம்பு போனா அதுக்குத் தெரியும். மத்தியான வெயிலில நிலமும் தாரும் மாட்டுக்குச் சமமா, அதைவிடக் கூடச் சூடாக் கிடக்க, மாடு வந்தாலும் சென்சருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சூடாக் கிடந்த படங்கு ஆடினாத்தான் வித்தியாசம்.

சரி எண்டு அல்ட்ராசோனிக் எச்சீ-எஸ்ஆர்04க்குப் போனம், சத்தத்தை விட்டு எதிரொலி வாற நேரத்தை அளக்கிறது. முதல்ல வகுப்பில ரேப்பை வச்சு ஒரு மீற்றரை அளக்க 97 செந்திமீற்றர் எண்டு காட்டுது. சென்சர் மட்டம் எண்டு ஒருத்தன் சொன்னான். இல்லை, கோட்டில ஒலியின்ர வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எண்டு போட்டிருக்கு, அது குளிரான இடத்துக் கணக்கு. 35 பாகை வெக்கையில 352க்குக் கிட்ட. தகரக் கூரைக்குக் கீழ இருந்துகொண்டு குளிர் நாட்டு இலக்கத்தைப் போட்டா மூண்டு செந்திமீற்றர் துலையும்தான். 352 எண்டு மாத்த 100 வந்துது. விஞ்ஞான ரீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினம், அவ பிறகு தன்ர வகுப்புக்கும் அந்தச் சென்சரைக் கேட்டு வாங்கினவ.

பற்றரிக்கு அந்தப் பொடியன் தகப்பன்ர மருந்தடிக்கிற மெஷினின்ர 12 வோல்ட் பற்றரியைக் கழட்டிக்கொண்டு வந்தான், மோட்டர்சைக்கிளுக்குப் போடுற போன் சார்ஜரால அதை 5 ஆக்கினம். றோட்டுக்கரையில கொண்டுபோய் வச்சு ஓன் பண்ண, மாடும் இல்லை ஆடும் இல்லை, வெறும் வெளி, பசர் ஊளையிடுது. நிப்பாட்டவே மாட்டன் எண்டுது. பின்னேரம் மட்டும் தலையைச் சொறிஞ்சவை. கடைசியில போர்டு அனுப்புற இலக்கத்தைக் காட்டுற சீரியல் மொனிற்றரைத் திறந்து பாக்க வரிசையா 0, 0, 0, 0. 30 மில்லிசெக்கனுக்குள்ள எதிரொலி வராட்டி விட்டிடு எண்டு, எதிரொலி நேரத்தை அளக்கிற பல்ஸ்இன் எண்ட கட்டளைக்குச் சொல்லியிருந்தம், அப்பிடி விட்டா அது 0 எண்டு குடுக்கும். எங்கட கோட்டில "தூரம் 100ஐ விடக் குறைவெண்டா கத்து". பூச்சியம் 100ஐ விடக் குறைவுதானே. ஒண்டுமே இல்லாத வெளிதான் அதுக்கு ஆகக் கிட்ட நிக்கிற மாடு. "0ஐ விடக் கூடவும் 100ஐ விடக் குறைவும் எண்டா" எண்டு ஒரு நிபந்தனை கூட்ட அடங்கிச்சுது. மேல சொன்ன கொமென்ற் இந்த வரிக்குத்தான் எழுதினது. அறிவியல்நகர் எஞ்சினியரிங் பீடத்தில படிக்கிற ரெண்டு பொடியள் ஒரு சனிக்கிழமை சும்மா வந்து நிண்டவை, தாங்களும் முதலாம் வருசம் இதே குழிக்குள்ள விழுந்ததெண்டு சொல்லச் சொல்ல எங்கட பிள்ளையளுக்குச் சரியான புழுகம்.

ஆனாலும் முழுக்கச் சரிவரேல்ல. அந்தச் சென்சர் ஒரு ஒடுக்கமான கூம்புக்குள்ளதான் பாக்கும், மாடு நேர வரவேணும், சரிஞ்சு நிண்டா மயிர்த் தோலில பட்ட சத்தம் வேற எங்கயோ போயிடும். படங்கின்ர நாலு பக்கத்துக்கும் நாலு சென்சர் எண்டு கணக்குப் பாத்துக்கொண்டிருக்க, சோல்டர் பண்ணுற பெட்டை, மன்னார்ப் பக்கம் தகப்பன் கடற்றொழில் செய்த பிள்ளை, உடுப்புக் கிளிப் ஒண்டையும் தங்கூசியையும் (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) எடுத்தாள். கிளிப்பின்ர ரெண்டு வாயிலயும் வயரைச் சுத்தி, இடையில பிளாஸ்ரிக் மட்டைத் துண்டொண்டை வச்சு, மட்டையில தங்கூசியைக் கட்டி, படங்கைச் சுத்தி நாலு தடியில இழுத்துவிட்டாள். மாட்டின்ர கால் தங்கூசியில பட்டா மட்டை கழரும், கிளிப் மூடும், பசர் கத்தும். முதல் மாட்டுக்கே கத்திச்சுது, மாடு வெருண்டு ஓடினது பாக்கவேணும்.

அப்ப அம்மம்மாவின்ர பேரன் கேட்டான், "சேர், இதுக்கு ஆர்டுவினோ ஏன்? பற்றரியும் பசரும் கிளிப்பும் போதுமெல்லோ?" எல்லாரும் என்னைப் பாத்தினம். ஓம், தேவையில்லை எண்டு சொன்னன், வேற என்னத்தைச் சொல்லுறது. போர்டைக் கழட்டிப்போட்டு நேர குடுத்தம், வேலை செய்துது. ஆறு மாதம் படிச்சது கடைசியில ஒரு உடுப்புக் கிளிப். எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துது, ஆனா பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லை, அவையள் போர்டை வேற வேலைக்கு எடுத்திட்டினம், எத்தினை மணிக்கு எத்தினை தரம் மாடு வருது எண்டு எண்ண. அந்தக் கணக்கில மத்தியானம் 12க்கும் 2க்கும் இடையிலதான் கூட, அந்த நேரம் மட்டும் அம்மம்மா இருந்தாப் போதும் எண்டு முடிவெடுத்து அவவுக்குச் சொன்னவை. அவ சொன்னா, "அது எனக்கு முந்தியே தெரியும் மோனை. நான் அந்த நேரம்தானே நித்திரை கொள்ளுறனான்."

போன கிழமை பள்ளிக்கூடத்தடியால போகேக்க எட்டிப் பாத்தன். அலுமாரிப் பெட்டி மூண்டும் அப்பிடியே கிடக்குது. பேரன் என்னைக் கண்டிட்டு ஓடி வந்தான், மூண்டாம் நாளோட மாடு பசருக்குப் பழகிட்டுதாம் சேர், இப்ப கத்தினாலும் நிண்டு தின்னுதாம், இனிப் பால்மா ரின்னுக்குள்ள கல்லுப் போட்டு சேவோவால ஆட்டப்போறானாம், ஒவ்வொரு நாளும் வேற வேற மாதிரி, அதுக்கு இனி ஆர்டுவினோ வேணுமாம், சேவோ ஒண்டு தருவீங்களோ எண்டு கேட்டான்.